சம்மதப் பக்கம்

மிருதுளாவின் வலதுகை ஆள்காட்டி விரலுக்குத் தனியாக ஒரு மூளை இருக்கிறது என்று கவின் சொல்வான். பொய்யில்லை. கண் முன்னால் ஒரு பக்கம் விரிந்தால் போதும், அந்த விரல் அவளைக் கேட்காமலே அதை மேலே தள்ளி, கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடும். காந்திபுரத்து ஹோட்டல் ஒன்றில் அச்சடித்த மெனு அட்டையை அவள் விரலால் தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்த சர்வர், முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். கல்யாணமான புதிதில் தூக்கத்தில் இவன் முதுகைத் தள்ளிக்கொண்டு கிடப்பாளாம். "அந்த வெரலுக்கு ஒரு நாளாச்சும் லீவு குடு கண்ணு, பாவம்" என்பான். இருவரும் ஒரே காலேஜ். நீ, வா, போ என்றுதான் கடைசி வரைக்கும் பேச்சு.

விரலைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? அவள் பிழைப்பு அப்படி. சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் இணையப் பக்கங்களைச் சோதிக்கிறவள் அவள். ஒரே பக்கம் எல்லாக் கருவியிலும், எல்லா பிரவுசரிலும் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒவ்வொரு புத்தி. ஒன்று படத்தைக் கோணலாகத் தள்ளும், இன்னொன்று எழுத்தைப் பாதியில் விழுங்கும், மூன்றாவது எல்லாவற்றையும் சரியாகக் காட்டிவிட்டுப் பொத்தானை மட்டும் வேலை செய்யவிடாது. போனும் கம்ப்யூட்டரும் மட்டும் இருந்த காலத்திலேயே இந்தக் கூத்து என்றால், கண்ணில் போடுகிற லென்ஸிலும் பிரவுசர் வந்த பிறகு கேட்கவா வேண்டும்.

இதற்கெல்லாம் ஆபீஸில் ஒரு பெரிய அட்டவணை உண்டு. ஒரு கருவிக்கு ஒரு வரிசை. சோதித்துச் சரியாக இருந்தால் பச்சை டிக். ஒரு கருவியை உபயோகிக்கிற ஆட்கள் குறைந்துகொண்டே வந்தால் ஒரு நாள் அந்த வரிசையையே எடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் அந்தக் கருவியில் பக்கம் எப்படித் தெரிந்தாலும் கேட்பாரில்லை.

கவின் கண்ணில் இருந்தது அப்படிக் கடைசிக்குத் தள்ளப்பட்ட ஒரு லென்ஸ்.

அவன் பீளமேட்டில் ஒரு மோட்டார் கம்பெனியில் இன்ஜினீயராக இருந்தான். முப்பத்தெட்டு வயதில் மூளையின் அடித்தண்டில் ஒரு ரத்தக்குழாய் அடைத்தது, அவ்வளவுதான். உடம்பு மொத்தமும் போய்விட்டது. கை இல்லை, கால் இல்லை, நாக்கு இல்லை, இமையைக்கூட அவனாக மூட முடியாது. கண்மணி மட்டும் மேலேயும் கீழேயும் போகும், பக்கவாட்டில் கொஞ்சம். உள்ளே ஆள் முழுசாக இருந்தான். லென்ஸைப் போட்டால் கண் முன்னால் ஒரு பக்கம் தோன்றும். எந்த எழுத்தின் மேல் பார்வை சற்று நிற்கிறதோ அந்த எழுத்து மிருதுளாவின் போனில் விழும். லென்ஸ் வந்து அவன் பழகி எழுதிய முதல் வாக்கியம், "வெரல் எப்படி இருக்கு?" மிருதுளா அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சிரித்துக்கொண்டே அழுதாள்.

அது முதல் தலைமுறை லென்ஸ். பின்னால் வந்தவற்றில் பார்வையைக் கீழே கொண்டுபோனால் பக்கம் தானாக மேலே நகரும். முதல் லென்ஸுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. கண்ணுக்கு எதிரே என்ன தெரிகிறதோ அதுதான் பக்கம். அதைச் செய்த கம்பெனியே மூடிப்போய்விட்டது. சரி, புது லென்ஸ் போடலாமே என்றால், இதற்குப் பழகிய கண் நரம்பை மறுபடி பழக்க முடியாது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் நெடுந்துயில் சட்டம் வந்தது. இப்படிக் கிடக்கிற நோயாளிகள் விரும்பினால் அவர்கள் உடம்பைக் குளிரவைத்துத் தூங்கவைத்துவிடலாம். நோய்க்கு மருந்து வந்தால் எழுப்புவார்கள். எழுப்பும் வித்தை இன்னும் யாருக்கும் தெரியாது, அதையும் மறைக்காமல் சொன்னார்கள். ஒன்றே ஒன்றில் சட்டம் கறாராக இருந்தது. முடிவு நோயாளியுடையது மட்டுமே. வருஷத்துக்கு ஒரு காலையில் அவர்கள் கண்ணில் சம்மதப் பக்கம் திறக்கும். அன்றைக்கு வீட்டு ஆட்கள் உள்ளே போகக்கூடாது. மனசைக் கலைக்கக்கூடாது என்பதற்காக நோயாளி எழுதுகிற பக்கத்தையும் அன்று பூட்டிவிடுவார்கள். இடைவெளி விட்டு மூன்று முறை கேட்பார்கள். ஒரு தரம் 'வேண்டாம்' என்றாலும் விட்டுவிடுவார்கள், அடுத்த வருஷம்தான் மறுபடி. மூன்று முறையும் 'சம்மதம்' என்றால் உடனே ஊசி. நல்ல சட்டம்தான். எழுதியவர்களும் நல்ல எண்ணத்தோடுதான் எழுதினார்கள்.

அந்தச் சம்மதப் பக்கத்தைச் சோதிக்கும் வேலை மிருதுளாவின் கம்பெனிக்கு வந்தது. வரிசைகளை ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்தபோது முதல் லென்ஸ் வரிசையை அவளே கேட்டு வாங்கினாள். "கவினோட லென்ஸு. நானே பாக்கறனுங்க" என்றாள். சிரத்தையாகத்தான் பார்த்தாள். எழுத்து சரி, நிறம் சரி, பொத்தான் இரண்டும் சரி. பச்சை டிக் போட்டாள்.

கவினின் முறை வந்ததற்கு முந்தின சாயங்காலம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசினார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. பாதியில் நின்றிருந்த துப்பறியும் நாவல் ஒன்றை அவள் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கொலைகாரன் யார் என்று தெரியும் இடம். 'நாளைக்கு வேண்டாம்னு சொல்லிட்டு வர்றேன். மிச்சத்தை அப்பறம் படி. நீ மட்டும் முன்னாடி தள்ளிப் பாத்தராத' என்று எழுதினான்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மூன்று முறையும் சம்மதம் சொல்லிவிட்டார், தூங்கவைத்தாயிற்று என்றார்கள்.

அவளுக்கு முதலில் புரியவேயில்லை. புரிந்தபோது அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. சட்டப்படி குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய வீடியோவைக் கொடுத்தார்கள். அவன் கண்களை மட்டும் பக்கத்தில் வைத்து எடுத்தது. லென்ஸ் லேசாக ஒளிர்கிறது, கண்மணி வரி வரியாக இறங்குகிறது, பிறகு கீழே தாழ்ந்து அப்படியே நிற்கிறது. மூன்று முறையும் அப்படித்தான். அவள் அதை எத்தனை தடவை பார்த்தாள் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே அர்த்தம்தான் தெரிந்தது. சொல்லிக்கொள்ளாமல் போகிறவன் தலையைக் குனிந்துகொண்டு போவான். இவனுக்குத் தலை அசையாது, கண்ணைக் குனிந்துகொண்டு போயிருக்கிறான்.

கவினின் அக்கா ஆறுதல் சொல்ல வந்தவள், போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனாள். "நீ சலிச்சுக்கிட்டது அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்டி. உள்ள எல்லாம் புரியுமல்ல." அக்காவுக்கு அது ஒரு பேச்சு. மிருதுளாவுக்கு அது நெஞ்சிலேயே தங்கிவிட்டது. ஏனென்றால் அவள் சலித்துக்கொண்டது நிஜம். கடைசி வாரத்தில் ஒரு நாள், படுக்கை விரிப்பை மாற்றும்போது இடுப்பு பிடித்துக்கொண்டு, "முடியலடா சாமி" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். அவன் கண் அப்போது அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு வார்த்தைதான் அவனை அனுப்பிவிட்டது என்று மாதக்கணக்கில் நம்பினாள். சோறு இறங்காது. அந்த நாவலைத் தொடக்கூட இல்லை.

மறு வருஷம் சம்மதப் பக்கத்தின் புதிய பதிப்பு சோதனைக்கு வந்தது. குழுவின் தலைவர் பரிதி நல்ல மனுஷர், அதட்டிப் பேசத் தெரியாதவர். முதல் லென்ஸ் வரிசையை இத்துடன் எடுத்துவிடப் போவதாகவும், ஒப்புக்குக் கடைசியாக ஒருமுறை பார்த்து டிக் போட்டுவிட்டால் போதும் என்றும், வேறு யாரையாவது பார்க்கச் சொல்லட்டுமா என்றும் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவளே பார்ப்பதாகச் சொன்னாள்.

ஆபீஸில் நிஜமான முதல் லென்ஸ் ஒன்றுகூட இல்லை. இருந்த ஒன்றும் சம்மதப் பக்கம் வருவதற்கு முன்பே யாரோ துடைக்கும்போது உடைந்துபோய், அதற்கப்புறம் கம்ப்யூட்டர் திரையில் அந்த லென்ஸ் மாதிரி நடிக்கும் ஒரு மென்பொருளில்தான் எல்லோரும் சோதித்து வந்தார்கள். எல்லா இடத்திலும் நடக்கிற வழக்கம்தான். ஆனால் மிருதுளாவிடம் நிஜ லென்ஸ் இருந்தது. ஆஸ்பத்திரியில் சின்ன டப்பாவில் போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். டிக்குக்காக இல்லை. போகும்போது அவன் கண்ணில் கடைசியாக என்ன தெரிந்தது என்று ஒரு தரம் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு சோதனை அறையில் உட்கார்ந்து லென்ஸைக் கழுவிப் போட்டுக்கொண்டாள். கண் கரித்தது. கவினுக்குக் காட்டிய பழைய பதிப்பையே திறந்தாள். எழுத்து பெரிசு பெரிசாக, வெளிச்சமாக நின்றது. நெடுந்துயில் என்றால் என்ன என்று நாலு வரி. 'கீழே உள்ள சம்மதம் அல்லது வேண்டாம் என்பதைப் பாருங்கள்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே அகலமாக ஒரு பொத்தான், 'சம்மதம்'.

அதோடு பக்கம் முடிந்திருந்தது.

விரல் மேஜை மேல் ஒரு தள்ளு தள்ளியது. பக்கம் அசையவில்லை. மறுபடி தள்ளியது. மேஜையைத் தள்ளினால் லென்ஸில் எப்படி நகரும்? 'வேண்டாம்' எங்கே என்று கண்ணைக் கீழே இறக்கினாள். பார்வை பக்கத்தின் அடி ஓரத்தில் முட்டி நின்றது. அங்கே இருந்தது ஒரே பொத்தான். பார்வை தன் மேல்தான் நிற்கிறது என்று அது எடுத்துக்கொண்டது. மெதுவாகப் பச்சை நிரம்பியது. 'உங்கள் சம்மதம் பதிவாயிற்று. நன்றி.'

லென்ஸைக் கழற்றி டப்பாவில் வைத்தாள். கம்ப்யூட்டரில் அந்த நடிப்பு மென்பொருளைத் திறந்து அதே பக்கத்தை வரவழைத்தாள். வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். திரையில் சம்மதம் மட்டும்தான் தெரிந்தது. கையை வெளியே எடுத்து மவுஸ் மேல் வைத்தாள். அவ்வளவுதான், அவள் நினைப்பதற்கு முன்னாலேயே விரல் சக்கரத்தைத் தள்ளிவிட்டது. சம்மதத்துக்குக் கீழேயிருந்து 'வேண்டாம்' எழுந்து வந்து சாதுவாக நின்றது. அன்றைக்கும் இப்படித்தான் நடந்திருக்கும். பொத்தான் இரண்டும் சரி என்று அவள் எழுதியது பொய்யில்லை. அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கு விரல் இருந்தது.

பரிதி சாப்பிட்டுவிட்டு வந்தபோது அவள் அவர் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை. அவரையும் கையின் மேல் உட்காரவைத்துத் திரையைக் காட்டினாள். பிறகு கையை எடுத்து அவரே சக்கரத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"நர்ஸு பக்கத்துல இருந்திருப்பாங்களே" என்றார் கடைசியில்.

"அவங்க கையில இருக்கறது டேப்லெட்டுங்க. அதுல ரெண்டு பொத்தானும் தெரியும். எது பச்சையாகுதுன்னு பாத்துக் குறிச்சுக்குவாங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

பரிதி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். புதுப் பதிப்பிலும் இதே குறைதான், உடனே திருத்த வேண்டும், இன்றைக்கே மேலே சொல்ல வேண்டும், இந்த லென்ஸ் வைத்திருக்கிற மற்றவர்களுக்குக் கேள்வி கேட்பதை நிறுத்த வேண்டும் என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். அவர் அட்டவணையைத் திறந்து திரையை அவள் பக்கம் திருப்பினார். முதல் லென்ஸ் வரிசையின் கடைசிக் கட்டத்தில், உபயோகிப்பவர் என்ற இடத்தில், பூஜ்யம் இருந்தது.

"போன வருஷம் எண்ணூத்திச் சொச்சம் பேரு இருந்தாங்க" என்றார். "எல்லாரும் சம்மதம் குடுத்துட்டாங்க மிருதுளா. ஒருத்தர் பாக்கியில்லாம. ரொம்ப நாளாக் கெடந்தவங்க, சலிச்சுப் போயிருப்பாங்கன்னு நெனச்சோம். அதுக்குத்தான் இந்த வரிசையே எடுக்கறோம்."

அவள் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இப்ப இதைத் திருத்தி யாருக்குங்க காட்டறது?" என்றார். கேட்டுவிட்டு அவரே முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

அவள் சும்மா இருந்துவிடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். எழுப்பத் தெரிந்தால் இந்த நிமிஷமே எழுப்பிவிடுவேன் என்றும், இன்றைய மருத்துவத்தில் எழுப்புவது என்றால் கொல்வது என்றும் சொன்னார். நெடுந்துயில் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த அம்மாள் காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, ஃபைலைத் தேடி எடுத்து இவள் பக்கம் திருப்பிவைத்தார்.

"பக்கம் அந்த லென்ஸ்ல முழுசாத் தெரியுதுன்னு சோதிச்சுச் சான்று குடுத்திருக்காங்கம்மா. அதை நம்பித்தான் எண்ணூறு பேருக்கும் காட்டினோம். இப்ப தெரியலைன்னு நீங்க சொன்னா, சான்று குடுத்தவங்களைத்தான் மொதல்ல கேக்கணும்." கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பெயரைப் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்து இவளைப் பார்த்தார். ஃபைலை மூடிவைத்தார். இவள் காப்பியைக் குடிக்கவில்லை.

ஆபீஸில் அவள் எழுதிக்கொடுத்த குறை, திருத்தப்படாமலே, அந்த வாரம் மூடப்பட்டது. காரணம்: உபயோகிப்பவர் இல்லை. வேலையின் வழக்கப்படி அதில் தப்பே கிடையாது. அவளே அப்படி எத்தனையோ குறைகளை மூடியிருக்கிறாள்.

நெடுந்துயில் கூடம் சூலூர் பக்கம் இருக்கிறது. மாதம் ஒருமுறை பார்க்க விடுவார்கள். அதுவரை அவள் ஒருமுறைகூடப் போனதில்லை, போகப் பிடிக்கவில்லை. அந்த மாதம் போனாள். நீளமான கூடம், இரண்டு பக்கமும் கண்ணாடிப் பெட்டிகள், நல்ல குளிர். கவினின் பெட்டி நடு வரிசையில் இருந்தது. முகம் கொஞ்சம் வெளுத்திருந்ததைத் தவிர ஒன்றும் மாறவில்லை. நோய் வந்த நாளிலிருந்து அவன் இமையை அடுத்தவர்தான் மூடிவிட வேண்டும். இப்போது யாரோ மூடிவிட்டிருந்தார்கள்.

பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, போனில் அந்த வீடியோவைத் திறந்தாள். லென்ஸ் ஒளிர்ந்தது. கண்மணி வரி வரியாக இறங்கியது. நாலு வரி எண்ணினாள், ஐந்தாவது 'சம்மதம் அல்லது வேண்டாம்' என்ற வரி, அதையும் தாண்டியது. கீழே போய் முட்டியது. உடனே மேலே வந்தது, அந்த வரியை மறுபடி படித்தது, மறுபடி கீழே போய் முட்டியது. நூறு தடவை பார்த்தவளுக்கு இது இத்தனை நாளும் கண்ணில் படவில்லை. குனிந்தவன் இப்படி நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கமாட்டான். அவன் தேடியிருக்கிறான். இரண்டாவது முறை இன்னும் வேகமாகத் தேடினான். மூன்றாவது முறை கண்மணி மேலே வரவேயில்லை. அடி ஓரத்திலேயே நின்று, இன்னும் கீழே, இன்னும் கீழே என்று நடுங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் அவர்கள் சம்மதம் என்று குறித்துக்கொண்டார்கள்.

அவளுடைய சலிப்பு அவனை அனுப்பவில்லை. அது தெரிந்தால் மனசு கொஞ்சம் லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. கோபித்துக்கொண்டு போனவனாகவே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

"அங்கதான் இருந்துச்சு கண்ணு" என்றாள் கண்ணாடியின் மேல் குனிந்து. "சரியாத்தான் தேடியிருக்கற. இன்னும் கொஞ்சூண்டு கீழ."

கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆள் வந்து பின்னால் நின்றார். நேரம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. "அம்மா, கண்ணாடியில கறை படியுதுங்க. கைய எடுத்துக்கங்க" என்றார்.

அப்போதுதான் அவள் பார்த்தாள். அவன் முகத்துக்கு நேரே, கண்ணாடியின் மேல், விரல் அது பாட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

"எடுத்தர்றனுங்க" என்றாள்.

விரல் கேட்கவில்லை.